லாபம் குறையவில்லை, ஆட்கள் மட்டும் ஏன் குறைந்தார்கள்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். டாடா குழுமத்தின் ஐ.டி. நிறுவனமான டி.சி.எஸ்., ஏ.ஐ. (செயற்கை நுண்ணறிவு) கம்ப்யூட்டர்களை வைத்து இயக்கும் டேட்டா சென்டர் தொழிலில் இறங்குவது பற்றி உங்கள் வணிகப் பக்கத்தில் வந்த செய்தியைப் படித்தேன். ஒரு கிகாவாட் திட்டம், டி.பி.ஜி. என்கிற அமெரிக்க முதலீட்டு நிறுவனத்தோடு கூட்டு, 18,000 கோடி ரூபாய் முதலீடு, எல்லாம் சரியாகவே இருந்தது. ஆனால் இதே நிறுவனம் இதே 2025ஆம் ஆண்டில் பன்னிரண்டாயிரம் பேரை வெளியே அனுப்பப்போவதாகச் சொன்னதே, அதைப் பற்றி அந்தச் செய்தியில் ஒரு வரி இல்லை. அது ஜூலை மாதம் வேறு பக்கத்தில் வந்தது. ஆண்டுக் கணக்கு ஏப்ரலில் இன்னொரு பக்கத்தில் வந்தது. மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால்தான் என்ன நடக்கிறது என்று புரிகிறது, அப்படி யாரும் வைத்துக் காட்டாததால் இதை எழுதுகிறேன். கடிதம் நீளம்தான், வெட்டிப் போட்டாலும் பரவாயில்லை, எண்களை மட்டும் வெட்டிவிடாதீர்கள்.

நான் ஒரு தனியார் கம்பெனியில் அக்கவுண்ட்ஸ் பார்த்து ஓய்வு பெற்றவன். 2004இல் டி.சி.எஸ். முதன்முதலாகப் பங்கு வெளியிட்டபோது விண்ணப்பம் போட்டுக் கொஞ்சம் கிடைத்தது, இன்னும் விற்கவில்லை. அதனால் நான் பேசுவது வெளியாள் வயிற்றெரிச்சலில் இல்லை என்பதைச் சொல்லிவிடுகிறேன். அப்போது ஒரு பங்கின் விலை 850 ரூபாய். 10 பங்கு வாங்கியவர் 8,500 ரூபாய் போட்டார். 2006, 2009, 2018 என்று மூன்று முறை ஒன்றுக்கு ஒன்று போனஸ், அதாவது ஒரு பங்குக்கு இன்னொரு பங்கு இலவசமாகக் கொடுத்தார்கள், ஆக அந்த 10 பங்கு இன்று 80 பங்கு. 2024-25 நிதியாண்டுக்கு மட்டும் பங்குக்கு 126 ரூபாய் டிவிடெண்ட் (லாபத்தில் பங்குதாரருக்குத் தரும் தொகை), இடையில் கொடுத்த 66 ரூபாய் சிறப்பு டிவிடெண்டும் இதில் அடக்கம். 80 பங்குக்கு 10,080 ரூபாய். அதாவது போட்ட முதலைவிட அதிகமான தொகை ஒரே ஆண்டில் டிவிடெண்டாக வந்திருக்கிறது. இப்படி ஒரு நிறுவனத்தைக் குறை சொல்ல எனக்கு வாய் வரக் கூடாதுதான்.

இப்போது அந்த ஆண்டுக் கணக்கைப் பாருங்கள். மார்ச் 2025இல் முடிந்த ஆண்டில் வருவாய் 2,55,324 கோடி. டாலரில் முதன்முறையாக 3,000 கோடி டாலரைத் தாண்டியது. நிகர லாபம் 48,553 கோடி. செயல்பாட்டு லாப விகிதம் 24.3 சதவீதம், அதாவது நூறு ரூபாய்க்கு வேலை செய்தால் சம்பளம், வாடகை எல்லாம் போக 24 ரூபாய் நிற்கிறது. இந்த ஊரில் வேறு எந்தத் தொழிலில் இப்படி நிற்கும் சொல்லுங்கள், திருப்பூரில் பனியன் தைப்பவரிடம் கேட்டுப் பாருங்கள். கையில் வந்த லாபத்தில் பெரும்பகுதியை அப்படியே பங்குதாரர்களுக்குக் கொடுத்துவிட்டார்கள், மொத்தம் சுமார் 45,500 கோடி. இதில் 72 சதவீதம் அளவுக்குப் பங்கு வைத்திருப்பது டாடா குழுமத்தின் தாய் நிறுவனமான டாடா சன்ஸ், ஆக 32,000 கோடிக்கு மேல் அங்கே போகும். ஏர் இந்தியா, எலெக்ட்ரானிக்ஸ் என்று டாடா குழுமம் தொடங்கும் புதிய தொழில்களுக்கெல்லாம் பணம் எங்கிருந்து வருகிறது என்று யாராவது கேட்டால், பெரும்பாலும் இங்கிருந்துதான்.

எண்களிலேயே ஒரு விஷயம் பத்திரிகைகள் கண்ணில் படுவதில்லை, கணக்குப் பார்த்த பழக்கத்தில் எனக்குப் படுகிறது. 2021-22இல் இந்த நிறுவனத்தின் வருவாய் 1,91,754 கோடி. மூன்று ஆண்டில் 2,55,324 கோடி ஆனது, மூன்றில் ஒரு பங்கு வளர்ச்சி, பிரமாதம் என்று தோன்றும். அதையே டாலரில் பாருங்கள், 2,570 கோடி டாலர் 3,018 கோடி டாலர் ஆகியிருக்கிறது, அவ்வளவுதான், 17 சதவீதம். மீதி வளர்ச்சி முழுக்க ரூபாய் மதிப்பு இறங்கியதால் வந்தது. அமெரிக்காக்காரரிடமும் ஐரோப்பாக்காரரிடமும் டாலரிலும் பவுண்டிலும் பில் போட்டு, சிறுசேரியிலும் கொச்சியிலும் ரூபாயில் சம்பளம் கொடுக்கிறவர்களுக்கு ரூபாய் இறங்க இறங்க லாபம். சரி, அது தொழில். ஆனால் அதே மூன்றாண்டில் புதிதாகப் படித்து வருகிற பிள்ளைக்குக் கொடுக்கும் தொடக்கச் சம்பளம் மட்டும் இந்தத் துறை முழுக்க ஆண்டுக்கு மூன்றரை லட்சத்தை ஒட்டியே நிற்கிறதே, பத்து வருஷத்துக்கு மேலாக நிற்கிறதே, அதற்கு எந்த நாணயத்தின் மேல் பழி போடுவது?

ஆட்கள் எண்ணிக்கைக்கு வருகிறேன். மார்ச் 2022இல் 5,92,195 பேர். மார்ச் 2023இல் 6,14,795. அடுத்த ஆண்டு பதின்மூவாயிரம் குறைந்து, அதற்கடுத்த ஆண்டு ஆறாயிரம் சொச்சம் கூடி, மார்ச் 2025இல் 6,07,979. செப்டம்பர் 2025இல் 5,93,314. மூன்றரை ஆண்டு சுற்றிவிட்டுத் தொடங்கிய இடத்துக்கே வந்து நிற்கிறது. ஜூலை முதல் செப்டம்பர் வரை மூன்றே மாதத்தில் 19,755 பேர் குறைந்திருக்கிறார்கள். இதில் தானாகப் போனவர்களும் உண்டு, நிறுவனம் தானே விடுவித்தவர்கள் சுமார் ஆறாயிரம் என்று அவர்கள் சொல்கிறார்கள், சங்கங்கள் அதை ஒப்புக்கொள்ளவில்லை. இதற்கான செலவாக 1,135 கோடி ரூபாயை அந்தக் காலாண்டுக் கணக்கில் காட்டினார்கள். டிவிடெண்ட் 45,500 கோடி, வெளியே போகிறவர்களுக்கான செலவு 1,135 கோடி. இந்த இரண்டையும் ஒரே செய்தியில் போட எந்த வணிகப் பக்கத்துக்கும் ஏன் தோன்றவில்லை என்பதுதான் என் முதல் கேள்வி.

இதற்குச் சொல்லப்பட்ட காரணத்தையும் நியாயமாகக் கேட்போம். தலைமைச் செயல் அதிகாரி கிருத்திவாசன், இது ஏ.ஐ. ஆட்களின் வேலையைப் பிடுங்கியதால் வந்தது இல்லை, சிலரைப் புதிய வேலைகளில் பயன்படுத்த முடியவில்லை, திறன் பொருந்தவில்லை என்று ஜூலையில் விளக்கினார். குறைக்கப்படுவது நடுத்தர, மூத்த நிலைகளில் இருப்பவர்கள் என்றும் தெளிவாகச் சொன்னார்கள். தொழில் மந்தமாக இருப்பதும் உண்மைதான். நாணய மாற்று விளைவை நீக்கிப் பார்த்தால் ஆண்டு வளர்ச்சி 4.2 சதவீதம், ஜூன் காலாண்டில் அதுவும் போய் 3.1 சதவீதம் குறைவு. அமெரிக்காவில் இறக்குமதி வரிப் பயம், வாடிக்கையாளர்கள் முடிவெடுக்காமல் தள்ளிப்போடுகிறார்கள், செப்டம்பரில், நம் ஐ.டி. ஆட்கள் அங்கே போய் வேலை பார்க்க எடுக்கும் எச்1பி விசாவுக்குப் புதிதாக ஒரு லட்சம் டாலர் கட்டணம் என்று டிரம்ப் வேறு போட்டார். ஜனவரியில் 4,000 ரூபாய்க்கு மேல் இருந்த பங்கு செப்டம்பர் கடைசியில் 3,000க்குக் கீழே வந்துவிட்டது. என் சொத்தும்தான் கரைந்தது, ஒத்துக்கொள்கிறேன்.

ஆனால் மந்தம் வேறு, நஷ்டம் வேறு. ஆள் குறைத்த அதே செப்டம்பர் காலாண்டில் நிகர லாபம் 12,075 கோடி, முந்தைய ஆண்டைவிட 1.4 சதவீதம் கூடுதல், அதுவும் அந்த 1,135 கோடியைக் கழித்த பிறகு. நஷ்டத்தில் தத்தளிக்கிற கம்பெனி ஆள் குறைத்தால் அது விதி, இப்படி லாபம் நிற்கிற கம்பெனி குறைத்தால் அது ஒரு முடிவு. முடிவு என்றால் எடுத்தவர்கள் இருக்கிறார்கள், அவர்களிடம் கேள்வி கேட்கலாம். பத்திரிகைகள் எழுதும்போது ‘வேலை பறிபோனது’, ‘ஏ.ஐ. அலையில் ஐ.டி. துறை’ என்று என்னவோ புயல் மழை மாதிரி எழுதுகிறீர்கள், யாரும் செய்யாமல் தானாக நடந்ததுபோல. அதுதான் எனக்கு உறுத்துகிறது.

திறன் பொருந்தவில்லை என்கிற வாதத்தைக் கொஞ்சம் கிளறினால் இன்னொன்று கிடைக்கும். ஜூன் 2025இல் ஒரு விதி கொண்டு வந்தார்கள். ஆண்டில் 225 நாளாவது வாடிக்கையாளருக்குப் பில் போடக்கூடிய வேலையில் இருக்க வேண்டும், பிராஜெக்ட் இல்லாமல் பெஞ்சில் இருப்பது 35 வேலை நாளைத் தாண்டக் கூடாது. ஐந்து வருஷம் அனுபவம் உள்ள பையனுக்கு இது பெரிய தொல்லை இல்லை, அவன் எந்த பிராஜெக்டிலும் உட்கார்ந்துகொள்வான். பதினைந்து இருபது வருஷம் வேலை செய்து டெலிவரி மேனேஜர் ஆனவரின் கதி வேறு. அவருடைய சம்பளத்துக்கு ஏற்ற பில்லிங் ரேட்டை எந்த வாடிக்கையாளரும் கொடுக்கமாட்டார். அவரை புரோகிராம் எழுதுவதை விட்டுவிட்டு ஆட்களை மேய்க்கச் சொன்னதே நிறுவனம்தான், பதவி உயர்வு என்றால் இந்தத் துறையில் அதுதான். இருபது வருஷம் அந்தப் பாதையில் அனுப்பிவிட்டு, ஒரு நாள் காலையில் உனக்கு புரோகிராம் எழுதத் தெரியவில்லையே என்றால் அவர் என்ன செய்வார்? என் அண்ணன் மகன் வேறொரு நிறுவனத்தில் இருந்தான், பெயர் வேண்டாம், அவனுக்கும் கிட்டத்தட்ட இதுதான் நடந்தது. ஹெச்.ஆர். ஒரு அறையில் உட்காரவைத்து, நீங்களே ராஜினாமா எழுதிக் கொடுத்தால் ரிலீவிங் லெட்டரில் ஒன்றும் வராது, அடுத்த வேலை கிடைப்பது சுலபம் என்று நயமாகச் சொன்னார்களாம். எழுதிக் கொடுத்துவிட்டான். கணக்கில் அவன் தானாகப் போனவன். நாவலூரில் ஃபிளாட், இருபது வருஷ லோன், பிளஸ் ஒன் படிக்கிற பெண்.

சட்டம் என்ன செய்யும் என்று கேட்பீர்கள், பெரிதாக ஒன்றும் செய்யாது. பழைய தொழில் தகராறு சட்டத்தில், ஆள் குறைக்க முன்கூட்டியே அரசு அனுமதி வாங்க வேண்டும் என்கிற பிரிவு தொழிற்சாலை, சுரங்கம், தோட்டம் இந்த மூன்றுக்குத்தான். ஐ.டி. கம்பெனி அதில் வராது. நோட்டீஸ், சேவை செய்த ஆண்டுக்குப் பதினைந்து நாள் சம்பளம் என்கிற பிரிவு வரும், ஆனால் அது ‘தொழிலாளி’ என்ற வரையறைக்குள் இருப்பவருக்கு. நிர்வாக வேலை பார்ப்பவரும், மேற்பார்வை வேலையில் பத்தாயிரம் ரூபாய்க்கு மேல் வாங்குபவரும் அந்த வரையறைக்கு வெளியே. 21 நவம்பர் 2025 முதல் நடைமுறைக்கு வந்திருக்கும் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பு அந்தப் பத்தாயிரத்தைப் பதினெட்டாயிரம் ஆக்கியிருக்கிறது, ஒரு டெலிவரி மேனேஜருக்கு இதனால் என்ன ஆகப்போகிறது! யாரைக் குறைக்கிறார்களோ அவர்களைத்தான் சட்டமும் கைவிட்டிருக்கிறது. பதவி உயர்வு வாங்க வாங்கப் பாதுகாப்பு குறைகிற விசித்திரமான உத்தியோகம் இது.

தமிழ்நாட்டில் ஒருசில வெளிச்சங்கள் உண்டு. 2015இல் இதே நிறுவனத்தில் ஆள் குறைப்பு நடந்தபோது கர்ப்பிணியான ஊழியர் ஒருவர் சென்னை உயர் நீதிமன்றம் போய் இடைக்காலத் தடை வாங்கினார். 2016இல் ஐ.டி. ஊழியர்கள் சங்கம் வைத்துக்கொள்ளச் சட்டத்தில் தடை இல்லை என்று மாநில அரசு தெளிவுபடுத்தியது. அதற்குப் பிறகும் ஐ.டி. கம்பெனிகள் வரிசையாக இருக்கும் சென்னை ஓ.எம்.ஆர். சாலையில் எத்தனை பேர் சங்கத்தில் சேர்ந்தார்கள்? நாம எல்லாம் மேனேஜ்மென்ட் ஆளுங்க, நமக்கு எதுக்குச் சங்கம் என்கிற நினைப்பு. இதை ஊழியர்கள் தரப்பின் குறையாகவே சொல்கிறேன்.

இனி டேட்டா சென்டர். இதுதான் பெரிய திருப்பம், ஆனால் உங்கள் செய்தியில் இது தொழில்நுட்பச் சாதனை மாதிரி வந்திருந்தது. இந்த நிறுவனம் அரை நூற்றாண்டுக்கு மேலாகச் செய்துவந்தது ஆட்களின் உழைப்பு நேரத்தை விற்கும் தொழில். பெரிய இயந்திரம் இல்லை, கட்டடமும் கம்ப்யூட்டரும் ஆட்களும் போதும். அதனால்தான் வருகிற லாபத்தைக் கிட்டத்தட்ட முழுசாகப் பங்குதாரருக்குக் கொடுக்க முடிந்தது. டேட்டா சென்டர் அதற்கு நேர் எதிர். முதலில் கொட்ட வேண்டும், பிறகுதான் வரும். ஒரு கிகாவாட்டை ஐந்து முதல் ஏழு ஆண்டில் கட்டப்போகிறார்கள், மொத்தம் 650 கோடி டாலர் அளவில் ஆகும் என்று அக்டோபரில் கணக்குச் சொன்னார்கள். அதிலும் ஏ.ஐ. சிப்புகளை இவர்கள் வாங்கப்போவதில்லை. இடம், மின்சாரம், குளிரூட்டும் வசதி இவர்களுடையது, கம்ப்யூட்டர் எல்லாம் வருகிற வாடிக்கையாளர் கொண்டுவருவார். கல்யாண மண்டபம் கட்டி வாடகைக்கு விடுகிற மாதிரிதான், சமையல்காரரையும் பாத்திரத்தையும் கல்யாணக்காரர் கொண்டுவர வேண்டும். மோசமான தொழில் என்று சொல்லவில்லை, நல்ல வாடகை வரும். ஆனால் இதில் ஏ.ஐ. எங்கே இருக்கிறது, அறுபதாயிரம் எண்பதாயிரம் சம்பளத்தில் பிள்ளைகளுக்கு வேலை எங்கே இருக்கிறது? ஒரு கிகாவாட் என்றால் கூடங்குளத்தின் ஒரு உலை தருகிற மொத்த மின்சாரம். அவ்வளவு கரண்டை இழுக்கிற இடத்தில் வேலை பார்க்கப்போவது காவலாளி, எலெக்ட்ரீஷியன், ஏ.சி. மெக்கானிக், கொஞ்சம் நெட்வொர்க் ஆட்கள். பட்டாம்பூச்சி வடிவத்தில் கட்டிய சிறுசேரி வளாகத்தில் ஒரு தளத்தில் உட்காருகிற கூட்டம்கூட அங்கே தேவைப்படாது.

டி.பி.ஜி. எதற்கு வந்தது என்பதையும் கவனியுங்கள். இரண்டு நிறுவனங்களும் சேர்ந்து தங்கள் முதலாகப் போடும் 18,000 கோடியில் பாதிக்குக் கொஞ்சம் குறைவாக, 8,820 கோடி வரை அவர்கள் போடுவார்கள். டி.சி.எஸ். தன் கையிலிருந்து போடுவது குறையும், பங்குதாரருக்குப் போவது பாதிக்காது என்பதுதான் ஏற்பாட்டின் சாரம். அதாவது தொழிலையே மாற்றுகிற நேரத்திலும் என் டிவிடெண்டுக்குப் பாதுகாப்பு யோசிக்கப்பட்டிருக்கிறது. சந்தோஷம்தான். அதே அக்கறையோடு பதினெட்டு வருஷம் வேலை பார்த்தவரை ஆறு மாதம் சம்பளத்தோடு உட்காரவைத்துப் புதிய வேலை கற்றுக்கொடுக்க யோசித்திருக்கலாம். லட்சக்கணக்கான ஊழியர்களுக்கு ஏ.ஐ. பயிற்சி கொடுத்துவிட்டதாக ஒவ்வொரு காலாண்டும் அறிக்கை விடுகிறார்கள். அவ்வளவு பேருக்குக் கற்றுக்கொடுக்க முடிந்தது, இந்தப் பன்னிரண்டாயிரம் பேருக்கு மட்டும் முடியவில்லையா? அல்லது பிரச்சினை கற்றுக்கொள்வதில் இல்லை, சம்பளத்தில்தான் இருக்கிறதா? இந்தக் கேள்விக்கு எந்த முதலீட்டாளர் கூட்டத்திலும் பதில் வராது, ஏனென்றால் அங்கே கேட்பவர்கள் எல்லாம் என்னைப் போன்ற பங்குக்காரர்களின் ஆட்கள்.

இன்னொன்று. மோகனூரில் பிறந்த சந்திரசேகரன் டாடா சன்ஸ் தலைவர் ஆனபோதும், கிருத்திவாசன் 2023இல் டி.சி.எஸ். தலைமைக்கு வந்தபோதும் தமிழ்ப் பத்திரிகைகள் பெருமையாக எழுதின, இரண்டு பேரும் கோவை சி.ஐ.டி. கல்லூரியில் படித்தவர்கள் என்று எனக்கும் பெருமைதான். பெருமைப்பட்டு எழுதியவர்களுக்கு உரிமையோடு கேள்வி கேட்கவும் வர வேண்டாமா? ஏப்ரலில் சம்பள உயர்வைத் தள்ளிவைத்தார்கள், பிறகு செப்டம்பரிலிருந்து எண்பது சதவீதம் பேருக்கு என்றார்கள். அந்த இடைவெளியில் மற்ற இருபது சதவீதம் பேர் யார், அவர்கள்தான் போனவர்களா என்று ஒரு நிருபர்கூடக் கேட்டதாகத் தெரியவில்லை.

மாநில அரசையும் விட்டுவிட முடியாது. ஐ.டி. நிறுவனங்களுக்கு நிலம், சலுகை, ஒப்பந்தம் என்று வரும்போது இத்தனை ஆயிரம் வேலைவாய்ப்பு என்று மேடையில் அறிவிக்கிறார்கள். வேலை போகும்போது எத்தனை பேர் போனார்கள் என்று அதே அரசு கேட்டு வாங்கி வெளியிடலாம். கர்நாடகத்தில் ஐ.டி. ஊழியர் சங்கம் தொழிலாளர் துறையிடம் நேரே புகார் கொண்டுபோனது. சென்னையில் எத்தனை பேர் என்கிற கணக்கை நானும் தேடிப் பார்த்தேன், கண்ணில் படவில்லை.

ஆகவே ஆசிரியர் அவர்களே, அடுத்த ஆண்டுக் கணக்கு ஏப்ரலில் வரும். வழக்கம்போல லாபம், டிவிடெண்ட், பங்கு விலை எல்லாம் போடுங்கள், நானும் முதலில் அதைத்தான் பார்ப்பேன். அதோடு சேர்த்து, தமிழ்நாட்டில் ஆண்டுத் தொடக்கத்தில் எத்தனை பேர் இருந்தார்கள், முடிவில் எத்தனை பேர், ராஜினாமா எழுதிக் கொடுத்தவர்களில் பத்து வருஷத்துக்கு மேல் வேலை பார்த்தவர்கள் எத்தனை பேர் என்பதையும் உங்கள் நிருபரை விட்டுக் கேட்கச் சொல்லுங்கள். தர மறுத்தால், கேட்டோம், தரவில்லை என்று அந்தச் செய்தியிலேயே ஒரு வரி போட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகர்,
மேடவாக்கம், சென்னை